தாய்லாந்தில் கடலோரப் பிளாட்: பார்க்க ஒரு பயணம், வாங்க இன்னொரு பயணம்

புக்கெட் விமான நிலையத்திலிருந்து தெற்கே போகும் சாலையில், கடல் கண்ணில் படும் முன்பே அடுக்குமாடி விளம்பரங்கள் கண்ணில் பட்டுவிடுகின்றன. நீச்சல்குளம், தென்னை, சூரிய அஸ்தமனம், அதற்குக் கீழே வாடகை உத்தரவாதம். கடைத்தெருவிலும் மால்களிலும் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் விற்பனையாளர்கள் குழந்தைகளோடு வரும் குடும்பங்களை உடனே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். விடுமுறையின் மூன்றாம் நாள், பிள்ளைகள் குளித்துக் களைத்துத் தூங்கும் மதிய வேளையில், அப்பா முன்பணம் கட்டிவிட்டு வருவது அங்கே வழக்கமாக நடப்பதுதான். அந்த முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராத பணம்.

இந்த அத்தியாயம் சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு, ஆண்டுக்கு ஓரிரு முறை குடும்பத்தோடு போய்த் தங்க தாய்லாந்துக் கடற்கரையில் ஒரு பிளாட் வாங்க நினைப்பவருக்கானது. வேலையை இரண்டு பயணமாகப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் குறையும். முதல் பயணத்தில் கையெழுத்து எதுவும் கிடையாது.

வெளிநாட்டவர் எதை வாங்கலாம்?

நிலத்தை வாங்க முடியாது. 1954-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. ஆகவே தோட்டத்தோடு தனி வில்லா என்ற கனவை முதலிலேயே மூட்டை கட்டிவிடலாம். அடுக்குமாடியில் ஒரு பிளாட்டை முழு உரிமையோடு வாங்கலாம். 1979-ஆம் ஆண்டின் காண்டோமினியம் சட்டம் அதை அனுமதிக்கிறது. அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஒரு கட்டடத்தின் மொத்தப் பிளாட் பரப்பில் 49 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டவர் கையில் இருக்கக் கூடாது. எல்லாப் பிளாட்டும் சேர்ந்து 10,000 சதுர மீட்டர் என்றால், வெளிநாட்டவருக்கு 4,900. அது நிரம்பிய பிறகு வருபவருக்கு நீட்டப்படுவது லீஸ்.

லீஸ் அதிகபட்சம் 30 ஆண்டுகள். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட லீஸ் நிலப்பதிவு அலுவலகத்தில் பதிவானால்தான் முழுக் காலத்துக்கும் செல்லும். 'முப்பது, முப்பது, முப்பது, ஆக மொத்தம் தொண்ணூறு' என்று விற்பனையாளர் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். முதல் முப்பதுக்குத்தான் பதிவு. மற்ற இரண்டும் வாக்குறுதி. முப்பது ஆண்டு கழித்து அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற அந்த நிறுவனம் இருக்குமா என்று கேட்டால் பதில் வராது. வெளிநாட்டவர் பங்கை 75 சதவீதமாகவும் லீஸை 99 ஆண்டாகவும் உயர்த்தலாமா என்று ஆராய 2024-இல் அரசு பணித்தது உண்மை. சட்டமே மாறிவிட்டது போல அதைச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம்.

முதல் பயணம்: பிள்ளைகளுக்காக

எந்தக் கடற்கரை என்பதை மாதம்தான் முடிவு செய்கிறது. அந்தமான் கடல் பக்கம் இருக்கும் புக்கெட்டிலும் கிராபியிலும் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, கடல் கொந்தளிக்கும். எதிர்ப்பக்கம் தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய் தீவில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பிள்ளைகளின் கோடை விடுமுறையான மே மாதத்தில் மட்டுமே போக முடிகிற குடும்பத்துக்குப் புக்கெட்டை விட சமுய் பொருந்தும். பட்டாயாவும் ஹுவா ஹினும் பாங்காக்கிலிருந்து காரிலேயே போய்விடக்கூடிய ஊர்கள். உள்நாட்டு விமானச் செலவு மிச்சம். கடல் நீரின் தெளிவு அந்த அளவுக்கு இருக்காது.

1. டிக்கெட் எடுக்கும் முன் விசா விதியைத் தூதரக இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இந்தியர்களுக்கான விதி சில ஆண்டுகளாக மாறிக்கொண்டே இருக்கிறது. போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

2. 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். கைக்குழந்தைக்கும் தனி அட்டை. வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் போலி.

3. ஓட்டலில் தங்காமல், வாங்க நினைக்கும் பகுதியிலேயே மாத வாடகைக்கோ வார வாடகைக்கோ முறையாக உரிமம் பெற்ற ஓர் இடத்தில் சமையலறையோடு தங்குங்கள். காலையில் பால் எங்கே கிடைக்கும், பாட்டி ஏறி இறங்கும் அளவுக்குப் படி இருக்கிறதா, இரவு பத்து மணிக்குக் கீழே பார் சத்தம் கேட்கிறதா என்பதெல்லாம் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும்.

4. ஒரே தீவுக்குள் கடற்கரைகள் வேறு வேறு. பாத்தோங் இரவு வாழ்க்கைக்குப் பேர்போனது. சிறு பிள்ளைகளோடு போகும் குடும்பம் காத்தா, நாய் ஹார்ன், பாங் தாவ் பக்கம் பார்க்கலாம். ராவாய் பார்க்க அழகு. ஆனால் கடல் உள்வாங்கினால் சேறும் படகுகளும்தான், குளிக்க ஆகாது. 'கடற்கரையிலிருந்து இருநூறு மீட்டர்' என்ற விளம்பரத்தில் அது எந்தக் கடற்கரை என்று கேளுங்கள்.

5. சாப்பாடு: சைவக்காரர் 'காய்கறி மட்டும்' என்று சொன்னாலும் மீன் சாறு விழுந்துவிடும். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து வைத்த 'ஜே' கடைகளில் மீன் சாறும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. புக்கெட்டில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் சைவத் திருவிழாவின்போது ஊர் முழுக்க இந்தக் கடைகள்தான்.

மழை பிடித்துக்கொண்ட நாளில் தலாங் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். புக்கெட்டுக்கு வடக்கே உள்ள தகுவா பாவில் கிடைத்த பழைய விஷ்ணு சிலை அங்கே இருக்கிறது. அதே தகுவா பாவில்தான் மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரைக் குறிப்பிடும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. குளம் வெட்டி, அதற்குக் காவலும் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இக்கரைக்காரர்கள் அக்கரையில் சொத்துப் பராமரிப்பைப் பற்றி யோசித்தது இது முதல் தடவை இல்லை.

கடலும் சாலையும்: கவனம்

சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் தண்ணீரிலும் இறங்கக் கூடாது. புக்கெட்டின் மேற்குக் கரையில் மழைக்காலத்தில் கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

பெட்டி வடிவ ஜெல்லி மீன் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. பல கடற்கரைகளில் கம்பம் நட்டு வினிகர் புட்டி வைத்திருப்பார்கள். கொட்டிய இடத்தில் குறைந்தது அரை நிமிடம் வினிகரை ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. உடனே 1669-க்கு அழையுங்கள், அது ஆம்புலன்ஸ். சுற்றுலாப் போலீஸ் 1155.

கடலை விட சாலைதான் அதிகம் கவலைப்பட வைப்பது. ஊரில் கார் உரிமம் மட்டும் உள்ளவர் அங்கே ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கிறார், கடைக்காரரும் கேட்காமல் கொடுத்துவிடுகிறார். விபத்து நடந்த பிறகுதான் பயணக் காப்பீட்டு நிறுவனம் கேட்கிறது: இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி எங்கே? இல்லையென்றால் மருத்துவமனைச் செலவு முழுக்கச் சொந்தக் கையில். பெற்றோருக்கு நடுவே ஹெல்மெட் இல்லாத குழந்தை என்ற காட்சி அங்கேயும் உண்டு. அதைப் பார்த்துப் பழக வேண்டாம்.

குரங்குகளுக்குப் பழம் கொடுப்பதும் வேண்டாம். கீறினாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிதான். மின் சிகரெட் அந்நாட்டில் சட்டவிரோதம். பையில் வைத்திருப்பதே குற்றம்.

இரண்டாம் பயணம்: மழையில் போய்ப் பாருங்கள்

ஜனவரி மாதத்தில் எல்லாப் பிளாட்டும் அழகுதான். புக்கெட்டில் வாங்குபவர் செப்டம்பரில் போய்ப் பார்க்க வேண்டும், பிள்ளைகளை விட்டுவிட்டு.

உள்ளே நுழைந்ததும் பால்கனிக்குப் போகாமல் முதலில் படுக்கையறை அலமாரியைத் திறந்து மூக்கை நுழையுங்கள். பூசணம் இருந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு வெள்ளை அடித்தாலும் அலமாரியின் பின்பலகையில் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சும். குளியலறைக்கு அடுத்த சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்; ஈரம் தெரியும், பெயின்ட் சோடா உப்பு போல உதிரும். பால்கனிக் கம்பி தரையோடு சேரும் இடத்தில் போல்ட்டில் துரு ஓடியிருந்தால் உப்புக்காற்று தன் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஏ.சி.யின் வெளி யூனிட் எத்தனை வருடத்துக்கு ஒரு முறை மாற்றப்பட்டது என்று காவலாளியிடம் கேளுங்கள். விற்பவரை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பிறகு கட்டடத்துக்குப் பின்னால் போய் மலைச்சரிவைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் புக்கெட்டின் கரோன் பகுதியில் பெருமழையில் மலை சரிந்து வீடுகளை மூடியது, உயிர்கள் போயின. கடல் தெரியும் பிளாட்டுகளில் பல மலைச்சரிவில்தான் இருக்கின்றன. சரிவின் சாய்வையும் உயரத்தையும் பொறுத்துக் கட்டடக் கட்டுப்பாடுகள் உண்டு. கட்டுமான அனுமதியை வக்கீல் பார்த்தாக வேண்டும். தாழ்வான கரைப்பகுதி என்றால் சுனாமி வெளியேறும் பாதையைக் காட்டும் நீலப் பலகை எங்கே இருக்கிறது, அந்தப் பாதையில் மேட்டுக்கு நடந்து போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று நடந்தே பாருங்கள். 2004 டிசம்பர் 26 அலை அடித்த கரை அது.

பணம் போகும் பாதை

இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டவர் வாங்கும் பிளாட்டுக்கான பணம் வெளிநாட்டு நாணயமாகவே தாய்லாந்துக்குள் வந்ததற்கு ஆவணம் இருந்தால்தான் நிலப்பதிவு அலுவலகம் பெயர் மாற்றும். பிற்காலத்தில் விற்ற பணத்தை வெளியே எடுக்கவும் அதே ஆவணம் கைகொடுக்கும்.

1. இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் தாராளத் திட்டம்) வழியில்தான் அனுப்ப வேண்டும். ஒரு நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை. விலை அதைத் தாண்டினால் கணவனும் மனைவியும் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பலாம். ஆனால் பணம் அனுப்பிய இருவர் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வசிப்பவருக்கு அங்கே சம்பாதித்த பணத்தைப் பொறுத்தவரை இந்த வரம்பு இல்லை.

2. டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரிக்கான தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம். ஒரு கோடி அனுப்பினால் 90 லட்சத்துக்கு 18 லட்சம் ரூபாயை வங்கி பிடித்துக்கொள்ளும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மீதியைத் திரும்பப் பெறலாம்; அதுவரை அந்தப் பணம் முடங்கும். பட்ஜெட் போடும்போது பலரும் மறப்பது இதைத்தான்.

3. வங்கியில் டாலராகவே அனுப்பச் சொல்லுங்கள். தாய்லாந்து வங்கிக்குப் போன பிறகுதான் அது அந்நாட்டு நாணயமான பாத்தாக மாற வேண்டும். அனுப்பும் நோக்கத்தில் பிளாட் எண், கட்டடத்தின் பெயர், வாங்குபவர் பெயர் மூன்றும் இருக்கட்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இனிஷியலின் விரிவு உட்பட. 'எஸ். குமார்' என்று வங்கியிலும் 'குமார் சுப்பிரமணியன்' என்று பாஸ்போர்ட்டிலும் இருந்தால் பதிவு நாளன்று தலைவலி.

4. 50,000 டாலருக்கு மேல் வரும் ஒவ்வொரு தொகைக்கும் தாய்லாந்து வங்கி அந்நியச் செலாவணிப் படிவம் தரும். அதற்குக் குறைந்த தவணைகளுக்குப் படிவம் வராது. வங்கியிடம் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். தவணை போன வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

5. பேரம் முறிந்தால் பணத்தை அங்கேயே போட்டு வைக்காதீர்கள். எங்கும் முதலீடு செய்யாத தொகை 180 நாளுக்குள் இந்தியா திரும்ப வேண்டும்.

எச்சரிக்கை: கமிஷன் குறைவு என்று உள்ளூரிலேயே பாத்தாக மாற்றிக் கட்டும் பணப் பரிமாற்றச் சேவைகளை நாடினால் செலாவணிப் படிவம் கிடைக்காமல் போகலாம். 'இங்கே ரூபாய் கொடுங்கள், அங்கே என் ஆள் பாத் கொடுப்பான்' என்பது உண்டியல். அது இரு நாட்டிலும் சட்டவிரோதம். பிளாட்டும் பெயருக்கு மாறாது.

காகிதங்களைச் சரிபார்த்தல்

முதல் வேலை, விற்பவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத வக்கீலை அமர்த்துவது. விற்பனை அலுவலகம் இலவசமாகத் தரும் வக்கீல் விற்பனை அலுவலகத்தின் வக்கீல். அவர் இந்த வரிசையில் பார்க்கட்டும்:

1. பழைய பிளாட் என்றால் பிளாட் பத்திரம். முன்பக்கத்தில் பரப்பு, உரிமையாளர். பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கைமாறிய வரலாறும் அடமானமும். புகைப்படத்தை நம்பாமல் நிலப்பதிவு அலுவலகப் பிரதியையே பார்க்க வேண்டும்.

2. கட்டடம் நிற்கும் நிலத்தின் பத்திரம். தலைப்பில் சிவப்புக் கருடன் இருந்தால் 'சானோட்', முழுமையாக அளந்து தந்த உரிமை. பச்சைக் கருடன் அடுத்த படி. கறுப்புக் கருடன் என்றால் எல்லைத் தகராறுக்கு இடம் உண்டு. நிலச் சீர்திருத்தத்தில் உழவர்களுக்குத் தந்த 'சோர் போர் கோர்' நிலம் விற்பனைக்கே உரியதல்ல.

3. வெளிநாட்டவர் பங்கில் இடம் இருப்பதாகக் கட்டட நிர்வாகம் தரும் கடிதம். பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும். அது இல்லாமல் பதிவு நடக்காது.

4. கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால் கட்டுமான அனுமதி. 80 அல்லது அதற்கு மேற்பட்ட பிளாட்டுகள் உள்ள கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு ஒப்புதலும் தேவை. 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்பது ஒப்புதல் ஆகாது.

5. ஒப்பந்தம். தாய் மொழியும் ஆங்கிலமும் இருந்தால், முரண்பாடு வரும்போது எந்தப் பிரதி செல்லும் என்ற வரியைத் தேடுங்கள். தாமதத்துக்கு அபராதம், பணம் திரும்பும் நிபந்தனை, பங்கு நிரம்பிவிட்டால் முன்பணம் என்னாகும் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

குறிப்பு: விளம்பரத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். 2008-இல் வந்த திருத்தத்தின்படி காண்டோ விற்பனை விளம்பரம் ஒப்பந்தத்தின் பகுதியாகவே கருதப்படும். படத்தில் காட்டிய நீச்சல்குளம் வராவிட்டால் அந்தத் தாள்தான் சாட்சி.

பதிவு நாள்

வங்கிக் காசோலை, பாஸ்போர்ட், செலாவணிப் படிவங்கள், நிர்வாகத்தின் இரு கடிதங்கள். போக முடியாதவர் காண்டோவுக்கென்று நிலத்துறை வைத்திருக்கும் அதிகாரப் படிவத்தில் வக்கீலுக்கு அதிகாரம் தரலாம். பத்திரம் பெரும்பாலும் அன்றே கைக்கு வரும்.

செலவு யாருடையது என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். அரசு மதிப்பும் விலையும் 60 லட்சம் பாத் என்று வைத்துக்கொண்டால், பெயர் மாற்றக் கட்டணம் 2 சதவீதம், 1,20,000 பாத். விற்பவர் ஐந்தாண்டுக்குள் விற்றால் சிறப்பு வணிக வரி 3.3 சதவீதம், 1,98,000 பாத். அந்த வரி இல்லையென்றால் முத்திரைக் கட்டணம் 0.5 சதவீதம், 30,000 பாத். இது போக விற்பவரிடம் பிடிக்கும் வருமான வரி. 'எல்லாவற்றையும் பாதி பாதி' என்று வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்பவர், விற்பவரின் வருமான வரியிலும் பாதியைத் தானே கட்டுகிறார்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

தாய்லாந்துக்காரர் இருவரைப் பெயருக்குப் பங்குதாரராகப் போட்டு, கம்பெனி பெயரில் வில்லா வாங்குவது. 'எல்லாரும் செய்கிறார்கள்' என்பார்கள். பினாமி என்று தெரிந்தால் நிலத்தை விற்கச் சொல்லி உத்தரவு வரும், வழக்கும் வரும்.

தின வாடகைக்கு விட்டுத் தவணை கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுவது. ஓட்டல் உரிமம் இல்லாமல் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது 2004-ஆம் ஆண்டின் ஓட்டல் சட்டத்துக்கு எதிரானது. வாடகை உத்தரவாதம் தரும் திட்டங்களில் அந்த உத்தரவாதத் தொகை விலையிலேயே ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பக்கத்துக் கட்டடத்தின் சதுர மீட்டர் விலையோடு ஒப்பிட்டால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.

பிளாட் வாங்கினால் விசா கிடைத்துவிடும் என்று நினைப்பது. சொந்தப் பிளாட்டுக்குப் போனாலும் மற்ற சுற்றுலாப் பயணி போலத்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

வாங்கிய பிறகு

பராமரிப்புக் கட்டணம் சதுர மீட்டர் கணக்கு. மாதம் சதுர மீட்டருக்கு 60 பாத் என்றால் 45 சதுர மீட்டர் பிளாட்டுக்கு 2,700 பாத். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சொந்தப் பயன்பாட்டு இரண்டாம் வீட்டுக்கு ஆண்டு நில, கட்டட வரி 0.02 சதவீதம்தான், 50 லட்சம் பாத் மதிப்புக்கு ஆயிரம் பாத். வெளிநாட்டு விருந்தினர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆள் இல்லாத மாதங்களில் வாரம் ஒரு முறை ஜன்னல் திறந்து, ஏ.சி. ஓட்டி, குழாய் திறந்து மூட யாரையாவது அமர்த்துங்கள்.

இந்தியாவில் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் பிளாட்டைக் காட்டியே ஆக வேண்டும், வாடகை வராவிட்டாலும். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். ஆடிட்டரிடம் பத்திரப் பிரதியை அந்த ஆண்டே கொடுத்துவிடுங்கள்.

கடைசி வேலை உயில். தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தனியாக, தாய் மொழியிலும் ஆங்கிலத்திலும், அதே வக்கீலிடம் எழுதிக்கொள்ளலாம். பிளாட்டை வைத்துக்கொள்ளச் சட்டப்படி தகுதி இல்லாத வெளிநாட்டு வாரிசு அதை ஓராண்டுக்குள் விற்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி, செலாவணிப் படிவங்களின் மூலப்பிரதி எந்த லாக்கரில் இருக்கிறது என்பதையும் காட்டி வையுங்கள்.